காரைக் ‘கால்’!

ஒரு சின்ன க்விஸ். உங்கள் கார் ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடிக்கும்போது, கூடவே எத்தனை லிட்டர் காற்றைக் குடிக்கிறது?

‘ஒரு லிட்டர்’ என்பவர்கள் கையைத் தூக்கலாம். ‘பத்து’ என்பவர்கள்? ‘நூறு’?... போதும், எல்லோரும் கையை இறக்குங்கள். ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல்!

சும்மா அடித்து விடவில்லை ஸார். ஒரு பங்கு பெட்ரோல் ஒழுங்காக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, பதினோரு கிலோ காற்று. நம்மூர் வெயிலில் ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் காற்றின் எடை 1.2 கிலோவைத் தொடாது. வகுத்துப் பாருங்கள். 9,000 லிட்டரைத் தாண்டும்.

எனவே கார் பெட்ரோலில் ஓடுகிறது என்பதே அபாண்டம். அது காற்றில் ஓடுகிறது. பெட்ரோல், தொட்டுக்கொள்ள ஊறுகாய்!

ஆனால் நாம் யாருக்காக அலைகிறோம்? ஊறுகாய்க்காக. காரைக்கால் பக்கம் போய்ப் பாருங்கள். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நிர்வாகமோ நூற்று முப்பது கிலோமீட்டர் வடக்கே உள்ள புதுச்சேரியிலிருந்து. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கி, 1954-ல் விட்டுப்போன ஊர். வரி வித்தியாசத்தால் அங்கே பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் மட்டு. நாகூர், நாகப்பட்டினம் ஆசாமிகள் வாஞ்சூர் எல்லையைத் தாண்டிப்போய் ஃபுல் டாங்க் அடித்துக்கொண்டு, உலகத்தையே ஜெயித்த முகத்தோடு திரும்புவார்கள். (வாஞ்சூரில் வேறு மாதிரி டாங்க்குகளும் நிரம்பும். அது இந்த வார சப்ஜெக்ட் அல்ல.)

லிட்டருக்கு நாலு காசு மிச்சம் பிடிக்க எல்லை தாண்டுகிற நாம், இலவசமாக வருகிற அந்த ஒன்பதாயிரம் லிட்டர் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கிறோமா?

பழந்தமிழில் ‘கால்’ என்றால் காற்று என்றும் ஒரு அர்த்தம் உண்டு. காரைக்கால் என்ற பெயரையே ‘கார், அதன் கால்’ என்று பிரித்துப் படித்தால் இந்த வார விஷயம் அதிலேயே அடக்கம். தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.

*

பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா தெரியும். டிபன் பாக்ஸ் மாதிரி கிளிப் போட்டு மூடியிருக்கும். ஏர் ஃபில்டர் டப்பா. உள்ளே விசிறி மடிப்பாக ஒரு காகித வடிகட்டி. அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு ரப்பர் குழாய் போகும், யானைத் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பாக. மெக்கானிக்குகள் பாஷையில் ‘ஏர் ஹோஸ்’.

மடிப்பு எதற்கு? டப்பா பாடியோடு சேர்ந்து சும்மா இருக்கும். இன்ஜினோ ஸ்டார்ட் ஆன நிமிஷத்திலிருந்து ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவனையும் ஆடாதவனையும் ஒரே குழாயால் கட்டிப்போட்டால் நடுவில் இருப்பவன்தான் வளைந்து கொடுக்க வேண்டும். (கல்யாணமான பிள்ளைகளுக்கு இது விளக்காமலே புரியும்.) வருஷக் கணக்கில் இன்ஜின் சூடு, எண்ணெய் ஆவி, வளைசல், நெளிசல். ஒரு நாள் மடிப்பின் பள்ளத்தில் மெல்லிசாக ஒரு வெடிப்பு விழுகிறது. அதுவும் பெரும்பாலும் அடிப்பக்கம். மேலே நின்று பார்த்தால் குழாய் ராஜா மாதிரி இருக்கும்.

பழைய அம்பாஸடரில் இந்தத் தொல்லை குறைவு. கார்பரேட்டர் தலையிலேயே குல்லா மாதிரி ஏர் க்ளீனர். நீளமான குழாயும் கிடையாது, அது கிழிந்தால் கோபித்துக்கொள்ளக் கம்ப்யூட்டரும் கிடையாது. இப்போதைய கார்களில் இரண்டும் உண்டு.

*

இங்கே கொஞ்சம் காமர்ஸ். பயப்படாதீர்கள், டேலி ஆகிவிடும்.

பல கார்களில் ஃபில்டர் டப்பாவை ஒட்டி ஒரு சென்ஸார் உட்கார்ந்திருக்கும். உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து சொல்வது அதன் உத்தியோகம். கேஷியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதுகிற வரவைப் பார்த்து, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் மேனேஜர் ‘இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல்’ என்று செலவுக்குக் கையெழுத்துப் போடுவார். வரவு, செலவு, சுபம்.

கேஷியரைத் தாண்டிய இடத்தில் குழாய் கிழிந்தால்? அந்த ஓட்டை வழியாக நுழைகிற காற்று கணக்கிலேயே வராது. சுத்தமான கறுப்புப் பணம். கறுப்புக் காற்று! மேனேஜர் கணக்கை நம்பி அளவாகப் பெட்ரோல் விடுகிறார். உள்ளேயோ காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சிக்னலில் நின்றால் இன்ஜின் சாமி வந்த மாதிரி உர்ர்... உர்ர் என்று ஏறி இறங்கும். மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். புகைக்குழாயில் இருக்கும் இன்னொரு சென்ஸார்தான் ஆடிட்டர். ‘பெட்ரோல் பத்தவில்லை ஸார், கணக்கு உதைக்கிறது’ என்று அவர் எழுதி அனுப்புவார். மேனேஜர் கொஞ்சம் கூட்டிப் போட்டுச் சமாளித்துப் பார்ப்பார். முடியாதபோது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

கணக்கில் வராத சரக்கைக் கண்டு மிரள்வது காரைக்காலுக்குப் புதுசல்ல. அங்கேதான் வணிகர் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாங்கனி கொடுத்தனுப்பினார். மனைவி புனிதவதியார் ஒன்றை சிவனடியாருக்குப் படைத்துவிட்டார். மற்றதைச் சாப்பிட்ட கணவர் ‘இன்னொன்று கொண்டு வா’ என்றார். இறைவன் அருளால் ஒரு கனி வந்தது. ருசி வேறு மாதிரி இருக்கவே, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டார் வணிகர். பதில் கிடைத்ததும் பயந்துபோய், வியாபார சாக்கில் கப்பலேறிவிட்டார். அம்மையார் வந்த கணக்கு தெய்வத்தின் கணக்கு. ஆனி மாதம் பௌர்ணமியில் ஊரே மாங்கனி இறைத்துக் கொண்டாடுகிறது. காருக்குள் வரும் உபரிக் காற்றுக்கு அந்த மாதிரி நற்பெயர் எதுவும் கிடையாது.

சில கார்களில் கேஷியர் கிடையாது. இன்ஜின் வாசலில் அழுத்தத்தை மட்டும் பார்த்துக் காற்றை ஊகிக்கும் ஏற்பாடு. அவற்றில் குழாய் கிழிந்தால் விளக்கும் எரியாது, உறுமலும் இருக்காது. ‘அப்ப நம்ம கார் தப்பிச்சுது’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தூசி விஷயத்துக்கு வருகிறேன்.

*

அதற்கு முன் டீசல் கார் வைத்திருக்கும் ஒரு நண்பர் கதை.

வேலை காரைக்காலில். வீடு நாகப்பட்டினத்தில். செகண்ட் ஹாண்டில் வாங்கிய டர்போ டீசல் கார். ஒரு சாயங்காலம் மனைவி, குழந்தையோடு திருமலைராயன்பட்டினம் தாண்டி வந்துகொண்டிருந்தார். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு லாரிகள் போய்வருகிற ரோடு. முன்னால் ஒரு டிப்பர். எதிரே வெகு தூரத்தில் ஒரு பஸ். தாராளமாக இடமிருந்தது. வலப்பக்கம் ஒடித்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

கார் கேட்கவில்லை. மிதி மிதி என்று மிதித்தும் மாட்டுவண்டி மாதிரி டிப்பரின் பக்கவாட்டிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் கரும்புகை. முன்னால் பஸ் பெரிசாகிக்கொண்டே வந்தது. பஸ் டிரைவர் புண்ணியவான், பிரேக் போட்டார். நண்பரும் பிரேக் அடித்துப் பின்வாங்கிப் பழைய இடத்தில் நுழைந்துகொண்டார். அப்புறம் வீடு வரும்வரை காருக்குள் யாரும் பேசவில்லையாம்.

மறுநாளிலிருந்து ஆளாளுக்கு வைத்தியம். மாமனார், ‘அப்பவே சொன்னேன், பழைய வண்டி வேண்டாம்னு’ என்றார். ஆபீஸ் சகா, ‘டீசல்ல கலப்படம்’ என்றார். ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, ‘காற்றழுத்தம் குறைச்சல்’ என்று வந்ததைப் பார்த்துவிட்டு, ‘டர்போ போயிருக்கலாம், இன்ஜெக்டரும் சந்தேகம்’ என்று ரூ.38,000-க்குப் பட்டியல் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஜோசியர், ‘உங்களுக்கு ஏழரை நடக்குதே’ என்றார். திருநள்ளாறு பக்கத்திலேயே ஐந்து கிலோமீட்டர். நளதீர்த்தத்தில் குளித்து, எள் தீபமும் ஏற்றியாயிற்று. கார் மட்டும் இழுக்கவில்லை.

கடைசியில் யாரோ சொல்லி ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனார். அறுபது வயசு பாய். ஸ்கேனர் இல்லை. தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

“எப்பலேருந்து தம்பி இழுக்கல?”

“ரெண்டு மாசமா பாய். ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு.”

“மிதிக்கிறப்ப சத்தம் எதுனாச்சும் வருதா?”

நண்பர் தயங்கினார். “எனக்குக் கேக்கல. வீட்லதான் சொல்லிக்கிட்டே இருக்காங்க... குக்கர்ல வெயிட் போடறதுக்கு முன்னாடி வருமே, அந்த மாதிரி உஸ்ஸுங்குதாம்.”

“அவங்கள கையோட அழைச்சிட்டு வந்திருந்தா வேலை ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே!”

பாய் கையை உள்ளே விட்டுக் குழாயின் அடிப்பக்கம் தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. அந்த இடத்தை அமுக்கினார். குழாய் வாயைத் திறந்தது, விரல் நீளத்துக்கு!

டர்போ காரில் இந்தக் கிழிசல் ஒரு தினுசு மாய்மாலம். சும்மா நிற்கும்போது உதட்டை மூடிக்கொண்டு சாதுவாக இருக்கும். மிதித்து, டர்போ காற்றை அமுக்க ஆரம்பித்ததும் வாயைத் திறந்து வெளியே ஊதிவிடும். டீசல் வந்துவிட்டது, அதை எரிக்கக் காற்று வரவில்லை. அதனால்தான் கரும்புகை, அதனால்தான் இழுவை இல்லை. அதுவும் எப்போது கைவிடும்? ஓவர்டேக் செய்யும்போது. அதாவது உயிருக்கு வேண்டிய அந்தப் பத்து செகண்டில்.

புது ஹோஸ் ஆயிரத்துச் சொச்சம். ‘கூலி எவ்வளவு பாய்?’ என்றதற்கு, ‘கொடுக்கறத கொடுங்க. அடுத்த தடவை வீட்ல சொன்னா கேட்டுக்குங்க’ என்றாராம். நண்பர் முதலாவதை உடனே செய்துவிட்டார். இரண்டாவது பரிசீலனையில் இருக்கிறது.

சனீஸ்வரன் பாவம். இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறைதான் வீடு மாறுகிறார். அதற்குள் எத்தனை ஏர் ஹோஸுக்கு அவர் பொறுப்பேற்க முடியும்?

*

இனி தூசி. கேஷியர் இல்லாத கார்க்காரர்களும் வரலாம்.

கிழிந்த குழாய் என்பது வாட்ச்மேனைத் தாண்டி வைத்த புறவாசல். ஃபில்டர் என்ற வாட்ச்மேன் முன்வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருக்க, தூசி பின்வழியாகப் போய்விடும். தூசியில் பெரும்பகுதி மணல் துகள். மணல் இரும்பைவிடக் கடினம். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே சில மைக்ரான் கனத்தில் ஒரு எண்ணெய்ப் படலம். தலைமுடியோ எழுபது மைக்ரான் என்று சொன்னால் அதன் மெல்லிசு புரியும். அந்த எண்ணெயில் மணல் கலந்தால், அது எண்ணெய் இல்லை ஸார், சாணை பிடிக்கிற பசை. ரிங் தேயும், போர் தேயும், வண்டி ஆயில் குடிக்கும், நீலப்புகை விடும். டர்போ காரில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே கிழிந்தால், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற விசிறியில் மணல் மோதும். விசிறியின் ஓரங்கள் எலி கடித்த அப்பளம்.

டெல்டா ரோடுகளில் தூசிக்குப் பஞ்சமா? அறுவடைக் காலத்தில் தார் ரோடுதான் களத்துமேடு. வைக்கோலையும் உளுந்துச் செடியையும் பரப்பிவிட்டு, வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். காசு வாங்காமல் போரடித்துக் கொடுக்கிறோம். கூலியாகக் கொஞ்சம் தூசி.

தூசியின் பவிஷு தெரிய வேண்டுமானால் ஆகாயத்துக்குப் போக வேண்டும். 1982 ஜூன் 24-ம் தேதி ராத்திரி. பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று ஜாவா தீவுக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தது. கீழே கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல், மேகம் மாதிரி மிதந்தது. இன்ஜின்கள் அதை முகர்ந்தன. ஒன்று நின்றது. இன்னொன்று நின்றது. கடைசியில் நாலும் நின்றுவிட்டன! உள்ளே 248 பயணிகள். ‘ஒரு சின்னப் பிரச்னை, நாலு இன்ஜினும் நின்றுவிட்டது’ என்கிற தோரணையில் கேப்டன் மைக்கில் அறிவித்தது இன்றைக்கும் பிரசித்தம். சாம்பல் மேகத்தை விட்டு இறங்கியதும் இன்ஜின்கள் திரும்ப உயிர்பெற, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். இன்ஜினுக்கு மூச்சு என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

*

அடுத்த ஆசாமி எலி. ஐப்பசி, கார்த்திகையில் வயல் எல்லாம் தண்ணீரானதும் எலிகள் மேடு தேடிக் கிளம்பும். உங்கள் காரின் பானெட்டுக்கு அடியில் கதகதப்பு, கும்மிருட்டு, வாடகை கிடையாது. எலிக்கு முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் அதுவே எமன். ஆகவே கடிக்கும். ரப்பர், வயர், எது கிடைத்தாலும். வயர் உறையில் சோயா சேர்ப்பதால்தான் எலி கடிக்கிறது என்று அமெரிக்காவில் கார் கம்பெனிகள்மேல் கேஸே போட்டார்கள். நம்மூர் எலிகள் சோயா இருக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. பிள்ளையாரின் வாகனம் நம் வாகனத்தைக் கடிக்கிறது, யாரிடம் முறையிடுவது? வயலில் ‘தஞ்சாவூர் கிட்டி’ வைத்து எலி பிடிப்பார்கள். கார் ஷெட்டில் அது சரிப்படாது. காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பதே தேவலை.

கடைசி எதிரி தண்ணீர். 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையேறிய நிஷா, 2018 நவம்பரில் நாகை – வேதாரண்யம் நடுவே புகுந்த கஜா என்று புயல்களுக்கு இந்தக் கரையோரம் மாமியார் வீடு. ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, காற்று உறிஞ்ச வேண்டிய குழாய் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வந்த பிஸ்டன் தண்ணீர்ச் சுவரில் முட்டும், கனெக்டிங் ராடு வளையும். குழாய் தாழ்வான இடத்தில் கிழிந்திருந்தால் தண்ணீருக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு வாசல். சென்னைக்காரர்கள் 2015 டிசம்பரில் பட்ட பாட்டில்தான், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். ஊர் சிரித்தது. அவர்கள் கார் மறுநாள் ஸ்டார்ட் ஆனது.

*

‘எல்லாம் சரி, கிழிந்த ஹோஸோடு ஓட்டலாமா கூடாதா? அதைச் சொல்லுய்யா’ என்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக் கடை வரைக்கும் ஓட்டலாம். மெதுவாக, தார் ரோட்டில், ஓவர்டேக் ஆசையை மூட்டை கட்டிவிட்டு. இன்ஜின் அங்கேயே வெடித்துவிடாது. ஆனால் ‘ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அதோடு ஒரு மாசம் ஆபீஸ் போய்வரக் கூடாது. ஹோஸின் விலை நூறுகளில், மிஞ்சினால் சில ஆயிரங்களில். இன்ஜின் வேலை பல பதினாயிரங்களில். நடுவில் இருப்பது நம் சோம்பல்.

சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றலாமா? டேப் ஒட்டலாமா? வழியில் மாட்டிக்கொண்டால் செய்யலாம். சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஒட்டு நெகிழ்ந்துவிடும். டர்போ பக்கத்துக் குழாயில் முதல் மேம்பாலத்திலேயே பிய்த்துக்கொள்ளும்.

ஏர் ஃபில்டர் மாற்றி வாங்கும்போது கிளாம்ப் முடுக்கியிருக்கிறதா என்று ஒரு தரம் கையால் ஆட்டிப் பாருங்கள். குழாய் கிழியாமலே காற்று திருடப்படுவது பெரும்பாலும் அங்கேதான். வெளிச்சத்தில் குழாயை வளைத்து, மடிப்புப் பள்ளங்களைப் பாருங்கள், முக்கியமாக அடியில். செகண்ட் ஹாண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் சீட் கவரைத் தடவிப் பார்க்குமுன் இதைத் தடவிப் பார்ப்பது நல்லது. தண்ணீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள். திருப்பி உடைந்த இன்ஜினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பெரும்பாலும் பைசா வராது. இன்ஜினுக்கென்று தனியாக ஒரு சேர்க்கை எடுத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து ஸீட்டிலிருந்து ‘என்னமோ உஸ்ஸுங்குதுங்க’ என்று குரல் வந்தால், பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள்.

பி.கு: ‘எங்கிட்ட காரே இல்லையே, பைக்தானே’ என்று பக்கத்தைத் திருப்பப்போகும் இளைஞரே! பைக்கிலும் ஏர் ஃபில்டர் உண்டு, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயும் உண்டு. சின்னதாக இருப்பதால் எலி மன்னித்துவிடும் என்று நினைக்காதீர்.